பூவை நெருங்கிப் படமெடுப்பது எப்படி: மொட்டை மாடிச் செம்பருத்தியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கிய மறுநாள் காலையே மொட்டை மாடிக்குப் போய், தொட்டியில் இருந்த ஒற்றைச் செம்பருத்தியை எண்பது படம் எடுத்தேன். எண்பதும் எஃப்/1.8, அதாவது லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து வைத்து. கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றும் காலண்டர் படம் மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டதும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பூ எங்கடா? ஏதோ செவப்பா பொகை மாதிரில்ல இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரு படத்தில்கூட பூவின் எந்தப் பகுதியும் தெளிவாக இல்லை, ஒன்றில் மட்டும் காம்பில் உட்கார்ந்திருந்த மாவுப்பூச்சி முடி முடியாகத் தெரிந்தது. செடிக்கு மருந்தடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான் லாபம்.

அதற்குப் பிறகு அதே செடியை நூற்றுக்கணக்கான தடவை எடுத்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். விலையுயர்ந்த லென்ஸ் எதுவும் தேவையில்லை, கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸே போதும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் கடைசியில் உங்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

முதலில் ஒரு குழப்பம்

"பின்னணி மங்கலாக வேண்டுமா, எஃப் எண்ணைக் குறை" என்று எல்லோரும் சொல்வார்கள். எஃப் எண் குறைந்தால் லென்ஸ் துளை பெரிதாகும். பாதிதான் உண்மை. பூவை நெருங்கி எடுக்கும்போது இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன, இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் என் எண்பது படமும் வீணானது.

ஒன்று, பூவில் எத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கூர்மையாகத் தெரியும் என்பது. டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பது இதுதான், நான் கூர்மை ஆழம் என்றே சொல்கிறேன். நெருங்கி எடுக்கும்போது இதைத் தீர்மானிப்பவை இரண்டே: பூ சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) எவ்வளவு பெரிதாக விழுகிறது, எஃப் எண் என்ன. ஏ.பி.எஸ்.-சி சென்சார் உள்ள சாதாரண கேமராவில் 50 மி.மீ. லென்ஸை 45 செ.மீ. தூரத்தில் வைத்து எஃப்/1.8-இல் எடுத்தால் கூர்மை ஆழம் மூன்றரை மி.மீ. அளவுதான். எஃப்/4-க்குப் போனால் 8 மி.மீ. கிட்டத்தட்ட. இப்போது வேடிக்கையைப் பாருங்கள்: கிட் லென்ஸை 55-இல் வைத்து, அது அனுமதிக்கும் மிகக் குறைந்த தூரமான 25 செ.மீ.க்குப் போய் எஃப்/5.6-இல் எடுத்தால் ஆழம் இரண்டரை மி.மீ. மட்டுமே. காரணம், பூ சென்சாரில் அவ்வளவு பெரிதாக விழுகிறது. இந்த தூரம் சென்சாரிலிருந்து அளப்பது, லென்ஸின் முனையிலிருந்து இல்லை. அதனால் லென்ஸ் பூவை இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, பின்னால் இருப்பது எவ்வளவு கரைந்து போகிறது என்பது. இதற்கு எஃப் எண்ணைவிட லென்ஸ் துளையின் உண்மையான அகலம் முக்கியம். லென்ஸின் மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைத்துவிடும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மி.மீ., கிட் லென்ஸின் 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் 10 மி.மீ. பலர் வீட்டில் அலமாரியில் தூங்கும் 55-250 ஜூம் லென்ஸை 250-இல் வைத்து 5.6-ஆல் வகுத்தால் 45 மி.மீ.! அதாவது "இருட்டு லென்ஸ்" என்று ஒதுக்கி வைத்த ஜூம், பின்னணியைக் கரைப்பதில் எஃப்/1.8-ஐத் தோற்கடிக்கிறது. சுமார் ஒரு மீட்டர் தள்ளி நின்று முழுக்க ஜூம் செய்து எடுத்துப் பாருங்கள். எனக்கு இது தெரிந்தபோது லென்ஸ் வாங்கிய காசை நினைத்து ஒரு நாள் முழுக்கக் கடுப்பாக இருந்தது.

துளை அகலத்துக்கு அடுத்து, பூவுக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளி. 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8, 45 செ.மீ. தூரம் என்றே வைத்துக்கொள்வோம். பூவுக்கு 10 செ.மீ. பின்னால் ஓர் ஒளிப்புள்ளி இருந்தால், பூ இருக்கும் இடத்தில் அளந்தால் 5 மி.மீ. வட்டமாக அது பரவும். அதே புள்ளி ஒரு மீட்டர் பின்னால் இருந்தால் 19 மி.மீ. வட்டம். தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தியதுதான் நாம் செய்தது, மங்கல் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

ஆக, பின்னணியைத் தூரத்தாலும் லென்ஸாலும் கரையுங்கள். எஃப் எண்ணைப் பூவுக்காக மிச்சம் வையுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

எந்தப் பூ, எந்தத் தொட்டி

கற்றுக்கொள்ள தொட்டிச் செடிதான் நல்லது, தரையில் இருக்கும் செடியை நகர்த்த முடியாது. ஒற்றை அடுக்குச் செம்பருத்தியை விட்டால் வேறு ஆசான் கிடையாது என்பது என் கட்சி: பெரிய பூ, நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும் தண்டு, அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தப்பைகள், நுனியில் வெல்வெட் பொத்தான் மாதிரி ஐந்து சூலகமுடிகள். ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். அடுக்குச் செம்பருத்தியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கசக்கிய துணி மாதிரி வரும்.

பூத்த அன்றைக்கே எடுங்கள், செம்பருத்தியின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நாள். முந்தைய மாலையே மொட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, தொட்டியை இடம் மாற்றித் திசை பார்த்து வைத்துவிட்டால் காலையில் தூக்கக் கலக்கத்தில் தொட்டி சுமக்க வேண்டியதில்லை. எடுப்பதற்கு முன் பூவை ஒரு சுற்று பாருங்கள். பூச்சி தின்ற ஓட்டை, இதழில் காய்ந்த மகரந்தத் தூள், சிலந்தி நூல் எல்லாம் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, படத்தில் பூதாகரமாகத் தெரியும். ஈரமில்லாத மெல்லிய பெயிண்ட் பிரஷ் ஒன்று வைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டிவிடலாம். சூலகமுடியை மட்டும் தொடாதீர்கள், அதன் முடிகள்தான் உங்கள் படமே.

வெளிச்சம்

விடிந்து முதல் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் நம்மூர் வெயில் இதழை வெளுத்துவிடும், நிழல் கறுப்பாக விழும். காலைக்கு இன்னொரு வசதியும் உண்டு, அப்போதுதான் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பியதும் நெருக்கப் படத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெயிலைப் பூவுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வைத்துப் பாருங்கள். இதழ் வழியாக வெளிச்சம் வரும்போது நரம்புகள் ஒளிரும், தண்டின் ஓரத்தில் ஒரு வெள்ளிக்கோடு விழும். முன்பக்கம் இருட்டாகத் தெரிந்தால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, விரித்து, அட்டையில் ஒட்டிக் கீழே பிடியுங்கள். கசக்காமல் பிடித்தால் கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் வெளிச்சத்தைக் குத்தும்.

வெயில் ஏறிய பிறகும் எடுத்தே ஆக வேண்டுமா? பழைய வெள்ளை வேட்டியை இரண்டு நாற்காலிக்கு நடுவே பந்தல் மாதிரி கட்டுங்கள். சின்னப் பூ என்றால் ஒரு டிரேசிங் பேப்பரே போதும். வேட்டியின் நிழல் பூவில் மட்டும் விழுந்து பின்னணியில் வெயில் அடித்தால் பின்னணி வெளுத்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கவலையே இல்லை, வானமே வேட்டி.

பின்னணியை முதலில் பாருங்கள், பூவை அப்புறம்

கேமராவைக் கண்ணில் வைத்ததும் பூவையே பார்த்துக்கொண்டிருக்காமல் நாலு மூலையையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எவ்வளவு மங்கினாலும் நீலத் தண்ணீர் டேங்க் நீலப் பாறையாகத் தெரியும், கொடியில் காயும் மஞ்சள் துண்டு மஞ்சள் பூதமாகத் தெரியும். வடிவம் கரைந்துவிடும், நிறமும் பிரகாசமும் கரையாது. வெளிச்சமான வெள்ளைப் பொட்டு ஒன்று ஓரத்தில் இருந்தால் கண் அங்கேதான் ஓடும்.

தீர்வு பெரும்பாலும் அரை அடி நகர்வதுதான். உட்காருங்கள், இன்னும் தாழுங்கள், பூவின் மட்டத்துக்கு வாருங்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் பின்னணி என்பது பூவுக்கு ஒரு சாண் கீழே இருக்கும் மண்ணும் இலையும், அது ஒருநாளும் கரையாது. பூவின் மட்டத்தில் இருந்தால் பின்னணி பத்தடி தள்ளிப் போய்விடும். இந்த ஒரு மாற்றம் எந்த லென்ஸையும்விடப் பெரிது, முட்டி வலிக்கும் என்பது மட்டும்தான் செலவு.

பச்சைப் பின்னணி பாதுகாப்பானது. சிவப்புச் செம்பருத்திக்கு அடர்பச்சை நிழல் அருமை. இயற்கையாக எதுவும் அமையவில்லை என்றால் பின்னால் மூன்று நாலு அடி தள்ளி ஒரு பெரிய வாழையிலையோ கறுப்புத் துணியோ பிடிக்கச் சொல்லலாம், தம்பி தங்கைகள் எதற்கு இருக்கிறார்கள். பூவை ஒட்டிப் பிடித்தால் துணியின் சுருக்கம் தெரிந்து பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோ ஆகிவிடும்.

முன்னாலும் மங்கலைப் போடலாம். லென்ஸை ஏறக்குறைய தொடுகிற மாதிரி ஓர் இலையையோ இன்னொரு பூவையோ ஓரத்தில் வைத்து, அதன் வழியே எட்டிப் பார்ப்பது போல எடுத்தால் ஓரத்தில் நிறம் பனிமூட்டமாகப் படரும். படத்தில் கால்வாசிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது கூர்மையாக இருக்க வேண்டும்?

இதைத் தீர்மானிக்காமல் ஷட்டரை அழுத்தாதீர்கள். கையில் இருப்பது சில மி.மீ. ஆழம். ஃபோகஸ் ஆகும் பகுதியை, கேமராவின் முகத்துக்கு இணையாகக் காற்றில் நிற்கும் ஒரு கண்ணாடித் தகடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடு பூவை எங்கே வெட்டுகிறதோ அதுதான் தெளிவாகத் தெரியும். அதை எந்த வாக்கில் செருகுவது என்பதுதான் உங்கள் வேலை.

செம்பருத்தியை நேர் முன்னால் நின்று எடுத்தால் தண்டு உங்களை நோக்கி நீட்டும். தகடு நுனியை வெட்டும், ஐந்து சூலகமுடியும் தெளிவாக வரும், மகரந்தப்பைகள் மஞ்சள் புள்ளிகளாகவும் இதழ் சிவப்புத் திரையாகவும் பின்வாங்கும். எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். ஐந்து சூலகமுடிகளும் ஒரே தளத்தில் இருப்பதில்லை, அதனால் எஃப்/4 அல்லது 5.6 வேண்டும். எஃப்/1.8-இல் ஒரு சூலகமுடி வந்தால் இன்னொன்று வராது.

பக்கவாட்டில் வந்தால் கதையே வேறு. தண்டு முழுவதும் தகட்டுக்குள் படுத்துக்கொள்ளும், நுனியிலிருந்து அடி வரை அத்தனை மகரந்தப்பையும் தெளிவாக இருக்கும், பின்னால் இதழ் கரையும். அதே பூ, அதே எஃப் எண், தெளிவாகத் தெரியும் பகுதி மட்டும் பல மடங்கு. இரண்டுக்கும் நடுவே முக்கால் பக்கமாக நின்றுகொண்டு எல்லாம் தெளிவாக வர வேண்டும் என்று எதிர்பார்த்தால்தான் ஏமாற்றம். அந்தக் கோணத்தில் நுனியை மட்டும் பிடியுங்கள், மீதியை விட்டுவிடுங்கள்.

சங்குப்பூவும் ஒற்றை நந்தியாவட்டையும் தட்டையானவை. நேராக, இம்மி சாயாமல் எடுத்தால் எஃப்/4-இலேயே கிட்டத்தட்ட முழுப் பூவும் வந்துவிடும், பின்னணியும் போய்விடும். கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பக்க இதழ் போய்விடும், அதனால் இவற்றுக்குக் கோணம்தான் எல்லாம். கனகாம்பரமும் இந்த ரகம்தான். ரோஜாவில் நடுச்சுருளின் முன்விளிம்பைப் பிடியுங்கள், அந்த ஒரு கோடு கத்தி மாதிரி வந்தால் மற்றதெல்லாம் கரைந்தாலும் ரோஜா ரோஜாவாகத் தெரியும். தாமரை விரிந்திருந்தால் நடுவில் இருக்கும் பச்சைப் பொகுட்டின் முன்விளிம்பையும் அதை ஒட்டிய மகரந்தத்தாள்களையும் பிடியுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும்.

செங்காந்தள் கிடைத்தால் விடாதீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலர், மழைக்காலத்தில் வேலி ஓரங்களில் ஏறும், மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காக வயலிலேயே பயிர் செய்கிறார்கள். பூ தலைகீழாகத் தொங்கும், ஆறு இதழும் தீ நாக்கு மாதிரி மேல்நோக்கி வளையும், ஆறு மகரந்தத்தாள்களும் குடைக்கம்பி போலப் பக்கவாட்டில் விரியும், சூலகத்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பூவை முழுக்கத் தெளிவாக எடுக்க ஆசைப்பட்டுத் தோற்றுப்போனேன். கடைசியில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் ஒரே ஒரு மகரந்தப்பையை மட்டும் பிடித்து மீதியைச் சிவப்பு மஞ்சள் புகையாக விட்டபோதுதான் படம் அமைந்தது. ஒரு எச்சரிக்கை: இதன் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு இன்னும் மோசம். தொட்ட கையோடு முறுக்கு சாப்பிடாதீர்கள்.

செட்டிங்

கேனானில் ஏவி, நிக்கானிலும் சோனியிலும் ஏ என்று இருக்கும் அப்பர்ச்சர் முன்னுரிமை மோடு. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை நாம் வைப்போம், ஷட்டர் ஸ்பீடைக் கேமரா பார்த்துக்கொள்ளும். தொடக்கம் எஃப்/4, கிட் லென்ஸை 55-இல் வைத்தால் எஃப்/5.6. ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400-இல் ஆரம்பித்து, ஷட்டர் ஸ்பீடு 1/250 நொடியைவிட மெதுவானால் 800, 1600 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும், அதைச் சரி செய்யலாம். கை ஆடியதைச் சரி செய்ய முடியாது. நெருங்க நெருங்க கை நடுக்கமும் பெரிதாகித் தெரியும் என்பதால் "50 மி.மீ.க்கு 1/50 போதும்" என்ற பழைய கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். 250 மி.மீ.யில் எடுத்தால் குறைந்தது 1/500. ரா வடிவத்தில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சேமியுங்கள்.

பூ மாறாமல், கேமரா நகராமல், அப்பர்ச்சரை மட்டும் எஃப்/1.8, 2.8, 4, 5.6, 8 என்று உங்கள் லென்ஸ் அனுமதிக்கும் எண்களில் மாற்றி மாற்றிப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு தடவை செய்தால் போதும். பின்னணி போதுமான தூரத்தில் இருந்தால் எஃப்/5.6-இலும் அது மங்கலாகவே இருப்பதைப் பார்த்து நம்ப மாட்டீர்கள்.

ஃபோகஸ்

நடு ஃபோகஸ் புள்ளியைச் சூலகமுடியில் வைத்து, பாதி அழுத்தி, அப்புறம் கேமராவைத் திருப்பிச் சட்டகத்தைச் சரி செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆள் படத்துக்குப் பெரும்பாலும் தப்பித்துவிடலாம், இங்கே முடியாது. 45 செ.மீ. தூரத்தில் 15 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தகடு சூலகமுடியைத் தாண்டி ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். உங்களிடம் இருக்கும் ஆழமோ எஃப்/4-இல் 8 மி.மீ. என் எண்பது படத்தில் பாதி செத்தது இதனால்தான். ஃபோகஸ் புள்ளியையே சூலகமுடி இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்தச் சோம்பலாக இருந்தால் நடுவில் வைத்தே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

இன்னும் நம்பகமான வழி கைமுறை ஃபோகஸ். லென்ஸில் எம்.எஃப். பக்கம் தள்ளிவிட்டு, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) அந்த இடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தைத் திருப்பிச் சரி செய்யுங்கள். முக்காலியில் இருந்தால் வேலை முடிந்தது.

கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு வேறு வித்தை. வளையத்தை ஏறக்குறைய சரியான இடத்தில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். இனி உடம்புதான் ஃபோகஸ் வளையம். முழங்கையை மார்போடு ஒட்டி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உடம்பை ஊஞ்சல் மாதிரி மிக மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். சூலகமுடியில் முடிகள் பளிச்சென்று எழும் நொடிக்குச் சற்று முன்பே அழுத்துங்கள், தொடர் ஷாட் வைத்து ஐந்தாறு படம் ஒரே மூச்சில். அதில் ஒன்று தகட்டில் விழும். மூச்சை வெளியே விட்டு முடிக்கும் இடத்தில் கை கொஞ்சம் அடங்கும். மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் ஆன விளிம்பை நிறம் காட்டும் பீக்கிங் வசதி உண்டு. அது காட்டும் பட்டை உண்மையான ஆழத்தைவிடத் தடிமனாக இருக்கும், முழுசாக நம்பாதீர்கள்.

முக்காலி தாழவில்லையா? அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, செங்கல் மேல் வைத்து, அதன் மேல் கேமராவை அமுக்கி உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பைக்கு "கேமரா அரிசி" என்றே பெயர்.

காற்று

செடி ஆடும். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் நட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் பூவின் காம்பைக் குச்சியோடு லேசாகப் பிடித்துவிடுங்கள். காம்பு நசுங்காமல் இருக்க நடுவே கொஞ்சம் பஞ்சு. குச்சி சட்டகத்துக்கு வெளியே, பூவுக்குக் கீழே இருக்கட்டும். காற்று வரும் பக்கம் ஒரு அட்டைப் பெட்டியை நிறுத்துங்கள். இதற்கும் அடங்கவில்லை என்றால் பொறுத்திருங்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் நடுவே ஒன்றிரண்டு நொடி ஓய்வெடுக்கும், பூ அதன் இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கும், அப்போது எடுங்கள்.

சிவப்பும் வெள்ளையும்

சிவப்புச் செம்பருத்தி படத்தில் வழவழவென்று பிளாஸ்டிக் மாதிரி வருகிறதா? சிவப்பு மட்டும் எல்லை தாண்டிவிட்டது. மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகக் கேமரா சொல்லும், சிவப்புச் சானல் மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு இதழின் நரம்பையெல்லாம் விழுங்கியிருக்கும். ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் முறையில் வைத்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கும் வரை எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் கேமராவின் பிளஸ்-மைனஸ் அளவுகோலில் குறையுங்கள். எனக்கு வழக்கமாக மைனஸ் 0.7, பளீர் சிவப்புக்கு மைனஸ் 1.

வெள்ளைப் பூ இதற்கு நேர் எதிர். நந்தியாவட்டை சட்டகத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், பிளஸ் 0.7 கொடுக்க வேண்டும். அதுவே கறும்பச்சைப் பின்னணியில் சின்னதாக இருந்தால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிப் பூவை வெளுத்துவிடும், மைனஸ் போட வேண்டும். சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்து மாற்றுங்கள்.

இன்னும் நெருங்க வேண்டும் என்றால்

சூலகமுடி ஒன்றே சட்டகத்தை நிறைக்க வேண்டுமா? மலிவான வழி குளோசப் ஃபில்டர், லென்ஸ் முன்னால் திருகும் பூதக்கண்ணாடி. லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கு ஃபோகஸ் செய்து) வைத்துக்கொண்டு பிளஸ் 4 வலிமையுள்ள ஃபில்டரைப் போட்டால் கண்ணாடியிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும். நீள லென்ஸில் மாட்டினால்தான் பலன் அதிகம். ஓரம் கொஞ்சம் வழியும், பூவுக்கு அது பெரிய குறை இல்லை.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் டியூப், கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். குழாயின் நீளத்தை லென்ஸின் மி.மீ.யால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரியும்: 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் போட்டால் அரை மடங்கு கூடும். மின் இணைப்பு இல்லாத மலிவுக் குழாயில் இன்றைய லென்ஸ்களின் அப்பர்ச்சரை கேமராவிலிருந்து மாற்ற முடியாது. நான் முதலில் வாங்கியது அதைத்தான், நீங்கள் வாங்காதீர்கள். மாடியில் குழாய் மாற்றும்போது கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், தூசி உள்ளே போனால் பின்னணியில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் பொட்டு.

90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்க வசதி இருந்தால் சந்தோஷம், ஆனால் சூலகமுடியை உண்மை அளவுக்கே சென்சாரில் விழவைக்கும்போது எஃப்/2.8-இல் கூர்மை ஆழம் கால் மி.மீ.கூடக் கிடையாது, எஃப்/8-இலும் முக்கால் மி.மீ.க்கு உள்ளேதான். வெளிச்சமும் இரண்டு ஸ்டாப், அதாவது கால்வாசியாகக் குறைந்துவிடும். எஃப்/16-க்கு மேல் ஏற்றினால் படம் மொத்தமாகவே மழுங்கும். ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து ஒட்டும் ஸ்டாக்கிங் உண்டு. ஆடும் பூவில் அதைச் செய்ய முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். வீட்டுக்குள் குவளையில் வைத்த பூவுக்கு மட்டும் அது.

போனில்

போனின் மேக்ரோ மோடு பெரும்பாலும் அல்ட்ரா வைடு லென்ஸில்தான் வேலை செய்கிறது. பூவைப் பெரிதாகக் காட்டும், பின்னணியில் தெரு முழுவதையும் காட்டும். அதை அணைத்துவிட்டு முதன்மை கேமராவில் 2 மடங்கு வைத்தோ, டெலி லென்ஸ் இருந்தால் அதிலோ, ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரத்தில் எடுங்கள். போன் சென்சாரிலும் இவ்வளவு நெருங்கினால் உண்மையான மங்கல் கிடைக்கும். போர்ட்ரெய்ட் மோடு மகரந்தத்தாள் மாதிரி மெல்லியவற்றில் தடுமாறும், நாலு தாளில் ஒன்றைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். திரையில் சூலகமுடியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், விரலை மேலும் கீழும் இழுத்துச் சிவப்பு வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள், அப்புறம் அதே ஊஞ்சல் வித்தை. பின்னணி, தூரம், கோணம் பற்றிச் சொன்னதெல்லாம் போனுக்கும் அப்படியே பொருந்தும்.

கம்ப்யூட்டரில்

முதல் வேலை அழிப்பது. ஒவ்வொன்றையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, நீங்கள் தெளிவாக வேண்டும் என்று நினைத்த அந்த ஒரு இடத்தை மட்டும் பாருங்கள். அங்கே கூர்மை இல்லையென்றால் நிறமும் அமைப்பும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடுங்கள், ஷார்ப்பன் ஸ்லைடர் அதை மீட்காது. தங்கியவற்றில் வெள்ளைச் சமநிலையைச் சரி செய்யுங்கள், பின்னணியின் பளிச்சிடும் பொட்டுகளை மட்டும் இருட்டாக்குங்கள். செம்பருத்திக்கு நிறச் செறிவைக் கூட்டாதீர்கள், ஏற்கெனவே போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கிறது. ஷார்ப்பன் செய்வதைத் தெளிவான பகுதிக்கு மட்டும் பிரஷ்ஷால் போடுங்கள். மொத்தப் படத்துக்கும் போட்டால் கஷ்டப்பட்டுக் கரைத்த பின்னணியில் மணல் தூவியது போல ஆகிவிடும்.

இன்று காலை நூற்றிப் பத்து எடுத்தேன். மூன்று தங்கியது. அதில் ஒன்றை அம்மா வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறார்.